வாள் ராணி (பொறுப்பு)

தண்ணீர் இல்லாமல் உயிர் வாழ முடியாது. அத்தனை அருமையான பொருளைக் கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிடலாமா? கூடாது என்பது எங்கள் குடிநீர் அலுவலகத்தின் நெடுநாளைய கொள்கை. கொள்கையில் குற்றம் சொல்ல முடியாது. ஆகவே நாங்கள் குற்றம் எதுவும் சொல்லாமல், தெருக்கோடிக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து மூன்றாம் மாடி ஏறிக்கொண்டிருந்தோம்.

நாங்கள் என்றால் நானும் அண்ணியும். அண்ணன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தான். படுத்த படுக்கையாக ஒருவன் இருக்கிற வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது படுத்தவனுக்குத் தெரியாது, சுமக்கிறவனுக்குத்தான் தெரியும். அண்ணி தையல்காரி. விடிந்தால் குடம், அப்புறம் மெஷின், மறுபடியும் குடம். அவள் தோள்பட்டை எப்போதும் வீங்கிக் கிடக்கும்.

"விடுங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்பேன்.

"நீ பாத்துக்கிட்டா பாதித் தண்ணி படிக்கட்டுக்குத்தானே போவுது" என்பாள். அதுவும் உண்மைதான்.

எங்களுக்கு மேலே நான்காம் மாடியில் ஒரு நர்ஸக்கா தன் வயதான அப்பாவோடு இருந்தாள். அவளுக்கும் இதே கதி. வேலை முடிந்து வரும்போது அண்ணியைப் படிக்கட்டில் பார்த்துவிட்டால் ஒரு குடத்தைப் பிடுங்கிக்கொள்வாள். அண்ணனுக்கு முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பதும் அவள்தான். கேட்டால், "ஆஸ்பத்திரியில முகம் தெரியாதவங்களுக்கே செய்யறேன், உங்களுக்குச் செஞ்சா குறைஞ்சா போயிடுவேன்?" என்பாள்.

இந்த நிலைமையில் எங்கள் தெருவைத் தோண்டினார்கள். புதுக் குழாய் எங்கள் வாசலை ஒட்டியே போனது. குழிக்குள் குனிந்து பார்த்தால் கைக்கு எட்டும். வேலையை மேற்பார்த்த மேஸ்திரி நல்ல மனுஷன்.

"ஆபீஸ்ல ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வந்துடுங்கம்மா. இணைக்கறது அரை மணி நேர வேலை" என்றார். "ஆனா குழியை மூடி ரோடு போட்டுட்டோம்னா அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒருத்தரும் ரோட்டுல கை வைக்கக் கூடாது. சட்டம்."

"முதல்ல உங்க மனு போகட்டும்" என்றாள் நர்ஸக்கா. "நீங்க போன வழியிலேயே நானும் வாங்கிக்கறேன்."

அண்ணி தலையை வாரிக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன். ஒரு கையெழுத்துதானே என்று நினைத்துப் போனோம். அதுதான் நாங்கள் செய்த அசட்டுத்தனம்.

அலுவலகத்தின் பெரிய அதிகாரி அப்போதுதான் ஒரு பயிற்சிக்குப் போய்த் திரும்பியிருந்தார். அதற்கு முந்தின பயிற்சிக்குப் போய் வந்தபோது எல்லோரையும் நின்றுகொண்டே வேலை பார்க்கச் சொன்னார். பார்த்தார்கள், அதாவது நின்றார்கள். இந்தத் தடவை அவர் கொண்டு வந்தது டாரட். படம் போட்ட சீட்டுக்கட்டு. கலைத்துவிட்டு ஒன்றை எடுத்தால், அந்தப் படம் நம் நிலைமையை எடுத்துச் சொல்லுமாம். "முடிவெடுத்தலில் உள்ளுணர்வை ஒருங்கிணைத்தல்" என்று சுற்றறிக்கையும் வந்துவிட்டது. மனிதன் முடிவெடுத்தால் வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்ப்பான்; சீட்டுக்கு மாமனா மச்சானா? எனவே மனு ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எடுத்துப் பார்த்த பிறகே மேல்நடவடிக்கை.

சீட்டைப் படிக்க "உள்ளுணர்வு அலுவலர்" என்று ஒரு பதவி உண்டாக்கினார்கள். பதவி உண்டானதே தவிர ஆள் போடவில்லை. அதனால் தபால் பிரிவு அம்மாவிடம் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்திருந்தார்கள். அந்த அம்மா ஒரு கையால் உறையில் பசை தடவிக்கொண்டே மறு கையால் எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு எடுங்க" என்று சீட்டுக்கட்டை நீட்டினாள்.

அண்ணி எடுத்தாள். சிம்மாசனத்தில் ஒரு பெண்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கையில் வாள் செங்குத்தாக நின்றது. இடது கையை முன்னால் நீட்டி, "கொண்டா இங்கே" என்று கேட்கிற மாதிரி இருந்தாள்.

"வாள் ராணி" என்று சொல்லித் தபாலம்மா கையேட்டைப் புரட்டினாள். புரட்டினவள் முகம் வெளுத்துப் போயிற்று. "ஐயையோ, கோர்ட்டுச் சீட்டு!"

அந்தக் கையேடு இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு வந்தது. ராஜா, ராணி, குதிரைவீரன், ஏவலாள் என்று ஆள் படம் போட்ட சீட்டுகளை இங்கிலீஷ்காரன் 'கோர்ட் கார்டு' என்கிறான். ராஜசபைக்காரர்கள் என்று அர்த்தம். மொழிபெயர்ப்புப் பிரிவுக்குத் தெரிந்த கோர்ட்டு ஒன்றே ஒன்றுதான். "நீதிமன்ற அட்டை" என்று போட்டுவிட்டார்கள்.

"உங்க மனு கோர்ட்டுல நிலுவையில இருக்கும்மா" என்றாள் தபாலம்மா பயபக்தியோடு. "இதை நாங்க தொடவே கூடாது."

"நான் எந்தக் கோர்ட்டுக்கும் போகலையே!"

"நீங்க போகலை. சீட்டு போயிருக்கு."

எங்களைச் சட்டப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த சட்ட ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சீட்டைப் பார்த்தார்.

"வழக்கு எண் என்ன?"

"வழக்கே இல்லைங்க" என்றேன் நான்.

"வழக்கு இல்லைன்னு யார் சொன்னது?"

"நாங்கதான் சொல்றோம்."

"நீங்க சொன்னா ஆச்சா? வழக்கு இல்லைன்னு கோர்ட்டு சொல்லணும். ஒரு வழக்குப் போடுங்க. அதுல உங்க மேல வழக்கு எதுவும் இல்லைன்னு தீர்ப்பு வாங்கிட்டு வாங்க. உடனே கையெழுத்து."

"அந்த வழக்கைப் போட்டா, ஒரு வழக்கு இருக்குதுன்னு ஆயிடாதுங்களா?"

சட்ட ஐயா என்னை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தார். "ஆகும்" என்றார். "நல்ல பாயிண்ட். அதைத் தனியா பரிசீலிக்கணும்."

வெளியே வந்தபோது வாசல் காவலாளி சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "ராணியா? இன்னும் ரெண்டு சீட்டு சேந்தா ரம்மி" என்று ஆறுதல் சொன்னார். அந்தக் கட்டடத்தில் அன்றைக்குச் சீட்டைப் பற்றி விஷயம் தெரிந்து பேசியவர் அவர் ஒருவர்தான்.

அண்ணி வீட்டுக்கு வந்ததும் குடத்தை எடுத்தாள்.

அடுத்த தடவை போனபோது கூட்டம் கூடியிருந்தது. பெரிய அதிகாரிக்குச் சீட்டு கற்றுக்கொடுத்த ஆலோசகர் வந்திருந்தார். கழுத்தில் மணிமாலை, காதில் கடுக்கன், வெறுங்கால். செருப்பில்லாமல் நடந்தால் உள்ளுணர்வு தரையிலிருந்து ஏறுமாம். தரை துடைப்பவர் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார்.

ஆலோசகர் கையேட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "சார், இது நீதிமன்றம் இல்ல. அரசவை! ராஜா ராணி இருக்கற அரண்மனை!"

எனக்கு உயிர் வந்தது. அண்ணி என் கையைக் கிள்ளினாள். பெரிய அதிகாரி யோசித்தார்.

"கையேடு அச்சாகி எல்லாக் கிளைக்கும் போயிடுச்சு. சொல்லை இனிமே மாத்த முடியாது" என்றார். "அர்த்தத்தை வேணும்னா மாத்தலாம்."

கடைசியில் இரண்டையும் வைத்துக்கொள்வதென்று ஒருமனதாக முடிவாயிற்று. அதாவது அது நீதிமன்றம். அந்த நீதிமன்றத்தில் ஒரு ராணி இருக்கிறாள்.

"அப்ப அந்த ராணி யார்?" என்றார் சட்ட ஐயா.

"அதைத்தான் படிக்கணும்" என்றார் ஆலோசகர், குரலைத் தாழ்த்தி. "ஆள் படம் போட்ட சீட்டு வந்தா மூணு விதமா எடுத்துக்கலாம். ஒண்ணு, உங்களைச் சுத்தி இருக்கற ஒரு ஆள். ரெண்டு, கேட்டு வந்தவங்களே. மூணு, வரப்போற ஒரு சம்பவம். எதுன்னு மனசு சொல்லும்."

"ஒரு சீட்டுக்கு மூணு அர்த்தமா? எங்க சட்டத்துலகூட ரெண்டுதான்" என்று சட்ட ஐயா வியந்து போனார்.

அலுவலகத்துக்கு மனசு என்ன சொல்லும்? தன்னைத் தவிர வேறு யாரோ என்றுதான் சொல்லும். ஆளைக் கண்டுபிடிக்க "ராணி இனங்காணும் குழு" அமைத்தார்கள். நானல்ல ராணி என்று அலுவலகத்துப் பெண்கள் ஆளுக்கொரு விளக்கம் எழுதிக் கொடுத்தார்கள். நாலு பேர் காய்ச்சல் என்று விடுப்பில் போனார்கள். கணக்குப் பிரிவில் ஓர் அம்மா மட்டும், பணிமூப்பின்படி தனக்குத்தான் ராணி சேர வேண்டும் என்று கேட்டாள். பிறகு கோர்ட்டு என்பதைக் கேள்விப்பட்டு அவளும் காய்ச்சலில் படுத்தாள்.

"உங்க சீட்டு கிழிஞ்ச மாதிரிதான் போ" என்று நர்ஸக்கா சிரித்தாள், இதையெல்லாம் நான் படிக்கட்டில் சொன்னபோது. சிரித்துக்கொண்டே அண்ணியின் தோளில் மருந்து தேய்த்துவிட்டாள். "நாங்க ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பாக்கறோம். அவங்க சீட்டு எடுத்துப் பாக்கறாங்க. ஒருத்தனாவது 'நான் பொறுப்பு'ன்னு சொன்னா ரெண்டுமே வேணாம்" என்றாள்.

அண்ணி சிரிக்கவில்லை. "நான் அந்த நாற்காலியில இருந்தா, வந்தவங்களை நிக்க வெக்காம கையெழுத்துப் போட்டு அனுப்புவேன் அக்கா" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஒருநாள் மதியம் மேஸ்திரி கீழிருந்து குரல் கொடுத்தார். "அம்மா! சாயங்காலம் மூடறோம்மா! மேலிடத்து உத்தரவு! கையெழுத்து வந்துதா?"

அண்ணி பள்ளிக்கூடச் சீருடை வெட்டிக்கொண்டிருந்தாள். எழுந்தாள். வாசலைத் தாண்டினாள். செருப்புப் போட மறந்தவளுக்குக் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவும் நினைவில்லை. அது சாதாரணக் கத்தரிக்கோலா? துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல், முழங்கை நீளம். தெருவே விலகி வழிவிட்டது. நான் "அண்ணி, அண்ணி" என்று பின்னாலேயே ஓடினேன்.

குழு பெரிய அதிகாரியின் அறையில் கூடியிருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கத்தரிக்கோலைக் கண்ட பெரிய அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து பீரோவுக்குப் பின்னால் போய்விட்டார். அண்ணிக்கு ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. மனு கொடுக்க வருகிறவர்களுக்கு அந்த அலுவலகத்தில் நாற்காலி போடுகிற வழக்கமில்லை. காலியாக இருந்தது ஒன்றுதான். அந்த உயரமான நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். வலது கையில் கத்தரிக்கோல் செங்குத்தாக நின்றது. இடது கையை நீட்டினாள்.

"கையெழுத்துப் போட்டுக் குடுங்க! என் புருஷனை நாறவிட்டு எத்தனை நாளைக்கு நான் இங்க நடக்கறது? மனுஷங்கதானே நீங்க?"

தபாலம்மா கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். மறுபடியும் சீட்டைப் பார்த்தாள்.

"சார்" என்றாள் மெதுவாக. "அப்படியே இருக்கு சார்."

ஆலோசகர் கண் கலங்கிவிட்டார். "ரெண்டாவது அர்த்தம்! கேட்டு வந்தவங்களே ராணி!"

"ஒரு வாள்னு போட்டிருக்கு. இதுல ரெண்டு இருக்கே" என்றார் சட்ட ஐயா.

"அது மேலதிக ஆதாரம்" என்றார் பீரோவுக்குப் பின்னாலிருந்து பெரிய அதிகாரி.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் முறைப்படி நடந்தது. அண்ணி ராணி என்றால் அந்த நீதிமன்றம் அண்ணியுடையது. அப்படியானால் மனு நிலுவையில் இருப்பது அண்ணியிடம்தான். எல்லோருக்கும் பெரிய நிம்மதி. ஆனால் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்று சட்ட ஐயா ஒரு முட்டுக்கட்டை போட்டார்.

"அதனால உங்க மனுவை நீங்க தீர்க்க முடியாதும்மா. மத்தவங்க மனுவெல்லாம் தீர்க்கலாம்" என்றார். "கோர்ட்டுச் சீட்டு வந்து தேங்கிப்போன மனுக்கள் பீரோ நிறைய இருக்கு. ஒருத்தரும் தொட மாட்டேங்கறாங்க."

"எனக்குப் பதவி வேணாம். தண்ணி குடுங்க" என்றாள் அண்ணி.

"பதவி இல்லாதவங்களுக்குன்னா வரிசைப்படிதான் வரும்மா" என்றார் பெரிய அதிகாரி மிகவும் அன்பாக. "அலுவலர் வீட்டுக்குன்னா வரிசை கிடையாது."

அண்ணி கத்தரிக்கோலை மேஜை மேல் வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் மூன்று மாடிப் படிக்கட்டையும் நினைத்துப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினேன்.

"நீதிமன்ற அட்டைத் தீர்வு அலுவலர் (பொறுப்பு)" என்று அன்று மாலையே உத்தரவு வந்தது. அன்று மாலையே மேஸ்திரி குழியை மூடி ரோடும் போட்டுவிட்டார். கண்ணாடி மாதிரி ரோடு. மறுநாள் காலையில் அதை அவரே உடைத்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு வருஷம் சட்டம்னீங்களே?" என்றேன்.

"அது ரோடுக்குத்தான் சட்டம். ஆபீசர் வீட்டுக்கு ஏது?" என்றார். "சூடுகூட ஆறல தம்பி, எனக்கே மனசு கேக்கல."

எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் கொட்டியது. அண்ணனைக் குளிப்பாட்டிப் படுக்கையை மாற்றினோம். படுத்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவன் முகத்தில் களை வந்தது. அண்ணி குழாயடியில் நின்று அழுதாள். நானும்தான் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

மூட வேண்டிய குழி இன்னும் திறந்தே கிடந்தது. நர்ஸக்கா வேலை முடிந்து அப்படியே அலுவலகத்துக்கு வந்தாள், வெள்ளை உடையைக்கூட மாற்றவில்லை. அண்ணியின் மேஜைக்கு எதிரே நின்றாள். அண்ணிக்கு உதவியாளன் என்று என்னையும் அதற்குள் போட்டிருந்தார்கள். பக்கத்தில் எனக்கும் ஒரு ஸ்டூல்.

"உங்க குழியிலேயே எனக்கும் போட்டுடலாம்னு மேஸ்திரி சொன்னார். நாளைக்கு மூடறாராம்" என்றாள். "போடும்மா ஒரு கையெழுத்து."

"இதோ அக்கா" என்று அண்ணி பேனாவைத் திறந்தாள். திறந்தவள் ஒரு நிமிஷம் தயங்கினாள். "ஒரு சீட்டு மட்டும் எடுத்துடுங்க அக்கா. சும்மா, முறைக்கு."

நர்ஸக்கா சிரித்துக்கொண்டே எடுத்தாள். கடலோரத்தில் சிம்மாசனம் போட்டு ஒரு ராணி உட்கார்ந்திருந்தாள். கையில் மூடி போட்ட பெரிய கோப்பை.

"கோப்பை ராணி" என்று தபாலம்மா அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "கோர்ட்டுச் சீட்டு."

"சரி, அதுக்கென்ன? அது நான்தான்" என்றாள் நர்ஸக்கா. "கையில தண்ணிப் பாத்திரம்கூட இருக்கு பாரு. போடும்மா, அப்பா தனியா இருக்கார்."

அண்ணி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பேனாவை மூடினாள்.

"அப்படித்தான் அக்கா எல்லாரும் சொல்றாங்க" என்றாள். குரலில் ஒரு துளிக் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. "ராணி யாருன்னு நானே முடிவு பண்ணிட்டா, வேண்டியவங்களுக்குச் செஞ்சேன்னு பேர் வரும். குழுவுக்கு அனுப்பறேன். வேகமா முடிக்கச் சொல்றேன்."

"என்னம்மா பேசற? நாளைக்கு மூடிடுவாங்கம்மா."

"எனக்குத் தெரியாதா அக்கா? என் கை கட்டியிருக்கு."

நர்ஸக்கா அந்தக் கையையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீங்களாவது சொல்லுங்களேன்."

சொல்லக் கூடாதென்று இல்லை. ஆனால் நான் அந்தக் குழுவில் உறுப்பினர். உறுப்பினர் முன்கூட்டியே வாயைத் திறந்தால் நாளைக்கு யார் பதில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள். ஆகவே "உக்காருங்க அக்கா" என்றேன். உட்கார நாற்காலி இல்லை என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது.

குழு நேற்றுகூடக் கூடியது. மூன்றாவது அர்த்தத்தையும் விட்டுவிடக் கூடாது, அது வரப்போகிற சம்பவமாகவும் இருக்கலாம், பொறுத்திருந்து பார்ப்போம் என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். ரோடு நன்றாக இருக்கிறது. நர்ஸக்கா குடத்தோடு எங்கள் மாடியைத் தாண்டிப் போகும் நேரத்தில் மட்டும் நாங்கள் கதவைச் சாத்தி வைக்கிறோம். உள்ளே குழாய்ச் சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்கிறது.